மம்பட்டி படக்கூடாத மண்

சோணைமுத்துவின் பாடை மயானத்துக்கு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. குழி வெட்ட முன்னரே போன இருவரும் வேலிக்கு வெளியே நின்று காவலாளி வீரணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். மரம் நடத்தான் மயானத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள் என்று ஊர் நினைத்திருந்தது.

"வெளிநாட்டுக் கம்பெனி விடுற புகையை மரம் இழுத்து இந்த மண்ணுக்குள்ள சேத்து வைக்குதாம்ணே. நூறு வருசத்துக்கு யாரும் தோண்டக் கூடாதுன்னு அரசாங்கத்துல எழுதிக் குடுத்துட்டாங்க" என்றான் வீரணன். உள்ளூர்க்காரன்.

தூக்கி வந்தவர்கள் பாடையைக் கீழே இறக்க மனமில்லாமல் வெயிலில் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள்.

விஷயம் வீட்டுக்குப் போனது. பெண்கள் வராத அந்த இடத்துக்கு, செத்தவரின் மனைவி இருளாயி தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"எவனோ விட்ட புகைக்கு எடம் இருக்கு. எம் புருசனுக்கு இல்லையாடா?"

"சாவி டவுன் ஆபீஸ்ல இருக்கு, அத்தை" என்றான் வீரணன்.

இருளாயி பக்கத்திலிருந்தவனின் மம்பட்டியைப் பிடுங்கினாள். கேட்டுக்கு நேர் முன்னால், ஆபீஸ் ஜீப் உள்ளே போகும் பாதையில், ஓங்கி வெட்டினாள். ஒருவரும் தடுக்கவில்லை. அவள் மறுபடி ஓங்குவதற்குள் வீரணன் குனிந்து, வெட்டிய மண்ணை இரண்டு கையாலும் அள்ளிக் குழிக்கு வெளியே போட்டான்.