பத்தரை கிலோ

"தூக்க மாட்டேன். வேணும்னா நீயே ஏறி வா."

பதினாலு மாதக் குழந்தையிடம் இப்படிச் சொன்னவர் என் நாத்தனார். அவர் சோபாவில் சாய்ந்திருக்க, உருண்டை என்று நாங்கள் கூப்பிடும் என் மகள் கீழே நின்று, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, ரொம்ப அழறா."

"அழட்டும். நீ குறுக்க வராதே."

போன மாதம் வந்தபோது குழந்தையை இடுப்பை விட்டு இறக்காதவர். இந்த முறை வந்து ஒரு வாரம் ஆகிறது, விரலைக்கூடக் கொடுக்கவில்லை. சோபாவுக்கு முன்னால் தரையில் நாலு குஷன்களைப் போட்டார். "விழுந்தா அடிபடாது." அத்தோடு அவர் அக்கறை முடிந்தது.

அண்ணிக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிற வேலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி, ஸ்டியரிங்கைத் தொடாமலேயே பெரிய பெரிய ஆட்களை மிரட்டுபவர். என் கணவர் தன் அக்காவுக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'.

அவர் வந்தது எனக்காகத்தான். நாலு வருஷமாக எனக்கு நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறிவிடும். மூன்று தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த மாதிரிதான் தூக்கம். மாத்திரைக்கும் கட்டுப்படாமல் போகவே, அண்ணிதான் காரில் ஏற்றி சர்ஜனிடம் கூட்டிப்போனார்.

"இரைப்பையோட மேல் பக்கத்தை எடுத்து, உணவுக்குழாய் அடியில மஃப்ளர் மாதிரி சுத்தித் தைச்சிடுவோம். அமிலம் மேல ஏறாது. ஏப்பம்கூட சரியா வராது," என்றார் சர்ஜன்.

"அப்படியே என் தம்பிக்கும் ஒண்ணு பண்ணி விட்டுடுங்க," என்றார் அண்ணி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சர்ஜன் அடுத்துச் சொன்னதிலேயே மனசு நின்றுவிட்டது. ஆறு வாரத்துக்கு அஞ்சு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாதாம்.

"என் பொண்ணு பத்தரை கிலோ, டாக்டர்."

"அப்ப பொண்ணையும்தாம்மா. உள்ளே தையல் விட்டுடும்."

திரும்பி வரும்போது காரில் அழுதுவிட்டேன்.

"கையை நீட்டிட்டு நிப்பா. நான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கணும். ஆறு வாரம் போனா என்கிட்ட வர்றதையே விட்டுடுவா, அண்ணி."

அவர் கியரை மாற்றினார். மறுநாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கினார்.

அன்றிலிருந்துதான் இந்த 'தூக்க மாட்டேன்'.

எட்டாம் நாள் உருண்டை எப்படியோ குஷன் மேல் முட்டி போட்டு, சோபா விளிம்பைப் பிடித்துத் தானாகவே ஏறிவிட்டாள். மூச்சு வாங்க, அண்ணியின் மடியில் தொப்பென்று விழுந்தாள். நான் கைதட்டப் போனேன்.

அண்ணி அவளைத் தள்ளி, குஷன் மேல் சரித்து இறக்கிவிட்டார்.

"ம்ஹூம். மேல வந்து விழக் கூடாது."

குழந்தையின் உதடு பிதுங்கியது. எனக்குப் பொறுக்கவில்லை. அறைக்குள் போய்க் கணவரிடம் பொரிந்தேன்.

"அத்தனை பாடுபட்டு ஏறி வந்த புள்ளையைத் தள்ளி விடறாங்க. பெத்திருந்தா தெரியும்."

"மெதுவா பேசு," என்றார் அவர். அண்ணிக்குக் குழந்தை இல்லை.

ஹாலுக்கு அது கேட்டிருக்கும். பிறகு அண்ணியின் குரல், எப்போதும் போல.

"ம், மறுபடி ஏறு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன். வயிற்றில் அஞ்சு சின்னத் தையல்கள். தும்மல் வந்துவிடுமோ என்றுகூடப் பயம். மெதுவாகச் சோபாவில் உட்கார வைத்தார்கள்.

உருண்டை தத்தித் தத்தி ஓடி வந்தாள். எதிரே நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"அம்மாவால முடியாதுடி, தங்கம்."

அழப்போகிறாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. கைகளை இறக்கினாள். முதல் குஷனில் முட்டி, அடுத்ததில் பாதம். விளிம்பைப் பிடித்து, ஒரு காலை வீசி மேலே வந்துவிட்டாள். விழப்போகிறாளே என்று நான் வயிற்றைப் பொத்திக்கொண்டேன்.

விழவில்லை. ஒரு சுற்றுத் திரும்பி, என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தலையை என் கைமேல் சாய்த்துக்கொண்டாள்.

அண்ணி கதவோரம் கார் சாவியோடு நின்றிருந்தார். அன்றைக்கு அறைக்குள் நான் சொன்ன வார்த்தை, ஆபரேஷனையும் மீறித் தொண்டை வரை ஏறி வந்தது.

"அண்ணி, அன்னிக்கு நான்..."

"ஏறக் கத்துக்க எட்டு நாள்தான்," என்றார் அவர், சாவியைப் பார்த்தபடியே. "உன் வயித்துல இடிக்காம பக்கத்துல பார்க் பண்ணத்தான் இன்னும் நாலு நாள் எடுத்துக்கிட்டா."