மூச்சு விடாதீங்க

இந்தக் கதையை நூலகர் அமுதவல்லி சொல்லித்தான் கேட்டேன். நான் நேரில் பார்க்கவில்லை.

ஒரு பள்ளி நூலகத்தில் வாரம் ஒருநாள் பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்து, மனதில் எந்த நினைப்பு வந்தாலும் விரட்டாமல் தங்கள் மூச்சைக் கவனிக்கப் பழகுவார்கள். ஒரு வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, முன்வரிசையில் இருந்த கனிஷ்காவின் பையிலிருந்து கடலை மிட்டாய் வாசனை வந்தது. அலமாரிக்கு அடியில் ஓர் எலியின் குட்டிகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

தாய் எலி சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தது. "அண்ணே, பிள்ளைங்க எல்லாம் தூங்கிருச்சுங்க. போய் மிட்டாயை எடுத்துட்டு வந்துர்றேன். நீங்க யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"நானா? வாயையே திறக்க மாட்டேன். நீ போம்மா."

எலி பைக்குள் புகுந்து, காகிதத்தைக் கிழித்து, மிட்டாயைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அந்த நேரம் பார்த்து டீச்சர், "இப்ப எல்லாரும் நல்லா மூச்சு விடுங்க" என்றார்.

பல்லிக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. எலி விடாதே என்கிறது, டீச்சர் விடு என்கிறார். டீச்சர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

"எலி மிட்டாயைத் தூக்கிட்டுப் போகுது! கனிஷ்கா பையிலேர்ந்து!" என்று நன்றாகவே மூச்சு விட்டது.

பிள்ளைகள் கண்ணைத் திறந்து கூச்சலிட்டார்கள். "நீங்கல்லாம் ஒரு அண்ணனா?" என்று திட்டிக்கொண்டே எலி கனிஷ்காவின் மடியில் ஏறிக் குதித்து, மிட்டாயோடு அலமாரிக்கு அடியில் மறைந்தது. அவள் மட்டும் கண்ணைத் திறக்கவே இல்லையாம்.

நம்ப முடியாமல் பிறகு கனிஷ்காவிடமே கேட்டேன்.

"அது பையை நோண்டும்போதே தெரியும்க்கா" என்றாள். "எது வந்தாலும் விரட்டாதீங்க, தானா வந்துட்டுப் போகட்டும்னு டீச்சர்தான் சொன்னாங்க."