ஒழியாத மாவுப்பூச்சி

"ஏம்மா, மூணு மாசமா ஒரு செடியிலேர்ந்து பூச்சிய ஒழிக்க முடியலையா உங்களால?"

பல் டாக்டர் கேட்டது டோக்கன் அக்காவை. கிளினிக்கின் முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதால் எல்லாருக்கும் அவர் டோக்கன் அக்கா. சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

மேஜைக்குப் பக்கத்து ஜன்னலில், நீலத் தொட்டியில் அந்த ஆர்க்கிட் செடி. பூ கிடையாது. தடித்த இலைகளின் இடுக்கிலெல்லாம் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி.

"பாதிதான் டாக்டர் பாக்கி. இன்னும் ஒரே ஒரு வாரம்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. சனிக்கிழமை நானே லென்ஸ் வெச்சுப் பார்த்தேன், ஒரு பூச்சி இல்ல. திங்கக்கிழமை வந்தா மறுபடி மொய்க்குது. என் ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும்தான் தீர்ந்துபோகுது."

அக்கா டோக்கன் அட்டைகளை அடுக்கினார்.

"பூச்சிப் பல்லக் காட்ட வர்ற இடத்துல பூச்சி பிடிச்ச செடி. பார்க்குறவங்க என்ன நினைப்பாங்க? சாயங்காலத்துக்குள்ள இது குப்பைத் தொட்டிக்குப் போயிடணும். இல்லேன்னா நானே தூக்கிப் போடுவேன்."

அக்காவின் முகம் வாடிவிட்டது. டாக்டருக்கும் லேசாக வருத்தம்தான். ஆனால் சுத்தம் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்க மாட்டார்.

அதுவும் கிளினிக் ஓகோவென்று நடக்கும் நேரம் இது. முன்பெல்லாம் பத்துப் பேர் டோக்கன் வாங்கினால், உள்ளே மிஷின் சத்தம் கேட்டதுமே மூன்று பேர் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிடுவார்கள். மூன்று மாதமாக ஒருத்தர்கூட ஓடவில்லை. 'எல்லாம் என் கைராசி' என்று மனைவியிடம் தினமும் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார் டாக்டர்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஏழாம் நம்பரைக் கூப்பிட்டும் ஆள் உள்ளே வரவில்லை. ஓடிவிட்டார் போலிருக்கிறது என்று டாக்டருக்குப் பகீரென்றது. ஒருமுறை உள்ளே போனால் கடைசி டோக்கன் வரை வெளியே தலைகாட்டாத மனுஷர், அன்றைக்கு எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

ஏழாம் நம்பர் ஒரு லாரி டிரைவர். ஆள் மலை மாதிரி. கன்னம் வீங்கியிருந்தது. போன வருஷம் இரண்டு தடவை இதே வாசலிலிருந்து ஓட்டம் பிடித்தவர். இப்போது ஜன்னலருகே குனிந்து, மூக்கு நுனியில் கண்ணாடியோடு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ஒரு இலையின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் எட்டாம் நம்பர். பல் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு குட்டிப் பெண்.

"மாமா, அந்த இலைக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கு."

"பார்த்துட்டேன் பாப்பா. அது எங்க போயிடும்."

"டோக்கன் ஏழு" என்றார் அக்கா மறுபடியும்.

"இரும்மா, குடும்பத்தோட மாட்டியிருக்கு. ரெண்டே நிமிஷம்."

அந்த இலையின் கடைசிப் பூச்சியையும் துடைத்துவிட்டு, "தண்டுப் பக்கம் நீ பார்த்துக்கோ" என்று குச்சியைக் குட்டிப் பெண்ணிடம் ஒப்படைத்தார் டிரைவர். அப்புறம் தானாகவே நடந்து வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். பல்லைப் பிடுங்கி முடித்ததும், பஞ்சைக் கடித்தபடியே அவர் கேட்ட முதல் கேள்வி, "ழண்டுப் பக்கம் முழிஞ்சுதா?"

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தன் கைராசியை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கடைசி டோக்கனும் போன பிறகு வெளியே வந்தார். அக்கா தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றிருந்தார்.

"வெச்சிடுங்கம்மா. செடி அங்கேயே இருக்கட்டும்."

அக்கா நம்பாமல் பார்த்தார்.

"காலையில பேசினத மனசுல வெச்சுக்காதீங்க. பயத்தப் போக்குற மருந்து என்கிட்ட இல்ல, உங்ககிட்டதான் இருக்கு. எனக்கு ஒரே ஒரு கவலைதான். எல்லாரும் துடைச்சுத் துடைச்சு, பூச்சி மொத்தமா தீர்ந்துபோச்சுன்னா என்ன பண்றது?"

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பிறகு, டாக்டர் எட்டியே பார்த்திராத பின்பக்க ஸ்டோர் ரூமின் கதவைத் திறந்தார். உள்ளே ஜன்னலோரமாக நான்கு ஆர்க்கிட் செடிகள். நான்கிலும் அப்பியதுபோல மாவுப்பூச்சி.

"முனையில இருக்குற செடிக்கடைக்காரர் வேணாம்னு தூக்கிப் போடுறது டாக்டர். குணமானத, பல்லு பிடுங்கினவங்க யாராச்சும் ஆசையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை நான் வந்து அதே நீலத் தொட்டியில அடுத்தத வெச்சிடுவேன்."

"அப்போ மூணு மாசமா நான் பார்க்குறது?"

"காலையில நீங்க திட்டினது பதினோராவது செடிய டாக்டர்."