மொச்சைக் குழம்பில் ஒரு கொட்டாங்கச்சி

டத்தோ கிராமாட்டில் அந்த வீட்டின் அத்தாப்பு ஓலைக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில், அடுப்புப் புகையில் ஆடிக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து கொதித்தும் காய்ந்த மொச்சை வேகவில்லை. வைரப்பனின் இரண்டாம் தாரம் புஷ்பவள்ளி, புளியைக் குறைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றித் தன் பக்குவத்தில் வைக்கிறாள். அவள் சமைத்ததை வைரப்பன் இதுவரை மறுமுறை கேட்டதில்லை, தெருவுக்கே தெரியும். "கொட்டாங்கச்சித் துண்டு ஒண்ணு போடு புள்ள. குணவதி போடுவா, பஞ்சா வெந்துரும்" என்று வேலிக்கு மேல் கழுத்தை நீட்டுகிறாள் பக்கத்து வீட்டு சலேஹா. செத்துப்போன மூத்தவளின் சமையலை இந்தத் தெரு இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. "அவங்க போட்டா நானும் போடணுமாக்கா? வேகும்லா, விடுங்க!" என்று சட்டியை மூடுகிறாள் புஷ்பவள்ளி. அடுப்படியை விட்டு அவள் நகரவேயில்லை. சலேஹாவும் வேலியை விட்டு நகரவில்லை. அவள் என்றைக்கு நகர்ந்தாள்? வைரப்பன் வந்து உட்கார்கிறார். மூடியைத் திறந்தால் மொச்சை வெண்ணெயாய்க் குழைந்திருக்கிறது. கரண்டியிலிருந்து எதுவோ மங்குத் தட்டில் டொக்கென்று விழுகிறது. ஓரம் தேய்ந்த கொட்டாங்கச்சித் துண்டு; புஷ்பவள்ளி போடாதது. சலேஹா வாயை மூடிக்கொள்கிறாள். தெரு காணாத அதிசயம். வைரப்பன் குனிந்துகூடப் பார்க்காமல், பழகிய விரலால் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சாப்பிடுகிறார். "இன்னொரு கரண்டி வை" என்கிறார். இந்த வீட்டுக்கு வந்த நாளாய்ப் புஷ்பவள்ளி ஏங்கிக் கிடந்த சொல். யாரிடம் கேட்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. கரண்டி அந்தரத்தில் நிற்கிறது.