மணி அடித்ததா

கூடத்து மேஜைமேல் மனைவியின் அங்கியை விரித்து, நடுவில் செல்போனை வைத்து, நாலாக மடித்துச் சுற்றினார் தராசு முத்திரைக்காரர்.

வெள்ளி இழை ஓடிய சாம்பல் நிறத் துணி அது. செல்போன் அலைகளை உள்ளே விடாது என்று சொல்லி விற்கிறார்கள். துணி இன்னும் உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். உள்ளே போனை வைத்துச் சுற்றிவிட்டு, வீட்டு லேண்ட்லைனிலிருந்து அதைக் கூப்பிட வேண்டும். மணி அடிக்காவிட்டால் துணி தேறியது. அடித்தால் துணி செத்தது.

ஒவ்வொரு சலவைக்கும் பிறகு இந்தச் சோதனை உண்டு. செல்போன் வீட்டுக்குள் வருவதே அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான். அதுவரை அவர் மனைவி பின்னறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இந்த அங்கி இல்லாமல் அவள் வாசல்படி தாண்டி நான்கு வருஷம் ஆகிறது. பக்கத்தில் ஒரு போன் இருந்தால் போதும், தலைக்குள் உலை கொதிக்கும், தோல் எரியும், கால் துவண்டுவிடும். டாக்டர்கள் எல்லாம் மனசுதான் என்றார்கள். சொந்தக்காரர்கள் திமிர் என்றார்கள்.

அவளுடைய அக்கா ஒருத்திதான் எதுவும் சொல்லவில்லை.

நம்பினாளா இல்லையா, அது அவளுக்கே வெளிச்சம். ஆனால் வரும்போதெல்லாம் தன் போனை அணைத்து, வாசலில் கரண்ட் மீட்டர் பெட்டிக்குள், முத்திரைக்காரரின் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள்.

வாயாடி. தங்கை புருஷனைத் தம்பி தம்பி என்று கூப்பிட்டே காலை வாருவாள். இந்த மனுஷன் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே என் தங்கையை எடை போட்டுத்தான் சரி சொன்னார் என்பாள். கடைசியாக வந்தபோதுகூட வாசலில் நின்று அவர் போனை வாங்கி, ஏதோ நோண்டி, வாயருகே வைத்து ஏதோ பேசிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் போன் அடித்தால் கடைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மாற்றத் தெரியாமல் அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

அப்புறம் ஆஸ்பத்திரி. நாற்பது நாள். தங்கை ஒரே ஒரு தடவை பார்க்கப் போனாள். இதே அங்கியோடு லிஃப்ட் வரை போய், மயங்கி விழுந்து, வந்த வண்டியிலேயே திரும்பினாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று விடிகாலையில் அக்கா போய்விட்டாள். பதினோரு மணிக்கு எடுக்கிறார்கள்.

இப்போது ஒன்பதே முக்கால். துணி தேறினால் போகலாம் என்று சொல்லிவிட்டு மனைவி பின்னறைக்குள் போயிருந்தாள்.

அவர் லேண்ட்லைனில் தன் எண்ணை அழுத்தினார்.

துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

குப்பென்று வேர்த்துவிட்டது அவருக்கு. ரிசீவரை வைக்க வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல், அது தானாக அடங்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றார். கண் நிறைந்துவிட்டது.

பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, காலம் கடந்து, அந்தச் சத்தத்தை மறைக்க இரண்டு தடவை பலமாக இருமினார். கனமான கதவு, பின்னறைக்குக் கேட்டிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிரித்துப் பார்த்தார். அக்குளில் இழை தேய்ந்திருந்தது. மடிப்புகளில் வெள்ளி கறுத்திருந்தது. புதிது வாங்கினால் வந்து சேர மூன்று வாரம் ஆகும்.

கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துவது அவருக்கு முப்பது வருஷ உத்தியோகம். கடுகளவு பிசகு இருந்தாலும் குத்த மாட்டார். கெஞ்சியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், சாபம்கூட விட்டிருக்கிறார்கள். மனிதர் மசிந்ததில்லை.

போனை அணைத்து மீட்டர் பெட்டியில் வைத்துவிட்டு வந்து, பின்னறைக் கதவைத் தட்டினார்.

“தேறிடுச்சு. கிளம்பும்மா.”

மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எப்போதும் நிஜமாகவே அடிக்கவில்லையா என்று மூன்று தடவையாவது கேட்டு உயிரை வாங்குவாள். இன்று கேட்கவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு, தலைமூடியை நெற்றிவரை இழுத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றாள். அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டார்.

வாசல் கேட்டருகே வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

தெருவில் ஆள் நடமாட்டம் அதிகம். எதிர்வீட்டுக்காரர் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே நடந்தார். வாடகை வண்டிக்காரர் போனில் வழி பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அதைத் தாண்டிப் போனால், சாவு வீட்டில் ஐம்பது பேர், ஐம்பது போன்.

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

இவளுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நான்தான் காரணம் என்று முத்திரைக்காரர் நினைத்தார். உண்மையைச் சொல்லி உள்ளே கூட்டிப்போய்விடலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் பேசினாள்.

“எனக்கும் கேட்டுச்சுங்க. ‘தம்பி, காதுல என்ன பஞ்சா, எடுங்க’ன்னு... அக்கா குரல்ல. அவளே கூப்பிட்டப்புறம் போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?”

சொல்லிவிட்டு, அவளே கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள்.