வானம் பார்த்த பள்ளிக்கூடம்

"பிள்ளைங்க விளையாடுற இடத்துக்குக் கூரை எதுவும் போட மாட்டீங்கதானே மிஸ்?"

பெரிய மிஸ்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பாலர் பள்ளி நடத்திவரும் இத்தனை வருடங்களில், கூரை எப்போது போடுவீர்கள் என்று சண்டை பிடித்த பெற்றோர் உண்டு. போடாதீர்கள் என்று கேட்ட முதல் ஆள், எதிரே நிற்கும் இந்தப் பெண்தான்.

"அடுத்த மாசமே போட்டுடுவோம்மா, கவலைப்படாதீங்க." பழக்க தோஷத்தில் மிஸ்ஸின் வாயில் வழக்கமான பதிலே வந்துவிட்டது.

"ஐயையோ, போட்டுடாதீங்க!"

அவளுடைய மூன்று வயது மகள் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, மிஸ்ஸை ஒற்றைக் கண்ணால் பார்த்தது.

"திங்கக்கிழமை நான் வேலைக்குத் திரும்பியாகணும் மிஸ். பொறந்ததுலேருந்து இவ என்னை விட்டு இருந்ததே இல்லை. எத்தனையோ ஸ்கூல் பார்த்துட்டேன், ஒண்ணும் சரிப்படலை."

எதுதான் சரிப்படும் என்று மிஸ்ஸுக்குப் பிடிபடவில்லை. ஏசி அறையைக் காட்டினாள். அந்தப் பெண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பொம்மைகளைக் காட்டினாள்; 'ம்' கொட்டியதோடு சரி. கடைசியில் துருப்புச்சீட்டை எடுத்தாள்.

"கேமரா இருக்கு. உங்க போன்லயே பாப்பாவைப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்."

"வேலை நேரத்துல போனைத் தொட்டா சீட்டைக் கிழிச்சிடுவாங்க மிஸ். பிள்ளைங்களை வெளியில விடுவீங்கல்ல?"

"காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்."

"வெயில் அடிச்சாலும் விடுவீங்களா?"

"வெயில்ல எப்படிம்மா விடுறது?"

அவள் முகம் வாடிப்போனது. "தொப்பி போட்டு விடுங்களேன். பளிச்சுனு சிவப்புல நானே வாங்கித் தரேன்."

பெற்ற தாயே பிள்ளையை வெயிலில் காயப்போடச் சொல்கிறாளே, மறை கழன்ற கேஸா? மிஸ்ஸுக்கு மண்டை குழம்பியது. இடம் காலி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் நட்டநடுவே போய் நின்று, அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"இங்கேயே சேர்த்துக்கோங்க மிஸ். இங்கேருந்து அது தெரியுதுன்னா, அங்கேருந்து இவளும் தெரிவா."

தெருமுனையில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் மேலே, நெட்டையாக நின்ற கிரேனின் உச்சியில் ஒட்டியிருந்த கண்ணாடிக் கூண்டைக் கை காட்டினாள்.

"அதை ஓட்டுறவ நான்தான் மிஸ். காலையில ஏறினா, சாயங்காலம்தான் கீழ இறங்குவேன்."