கம்ப்யூட்டரைத் தொடாதே

"கம்ப்யூட்டர்ல மட்டும் கை வைக்காத ராண்டல். மத்தபடி என்ன வேணாலும் பண்ணு."

சொல்லிவிட்டு வெர்னா காப்பிக் கோப்பையை மேசை மேல் டொக்கென்று வைத்தாள். அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம்.

மெக்கானிக் ராண்டல் தன் பட்டறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்தான்.

அவள் வந்த காரியம் சாதாரணமானது. பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள், கன்றுகளை டிரெய்லரில் ஏற்றிக் கணவாய்க்கு அப்பாலுள்ள சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் அக்டோபரில் இதே வேலைதான். போன வாரம் பாதிச் சுமையோடு போனபோதே அவளுடைய டீசல் பிக்கப் மேட்டில் மூச்சு வாங்கியிருக்கிறது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே மானத்தை வாங்கிவிட்டான். வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இழுவை வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு வழி.

ஒன்று, எஞ்சினையும் கியரையும் ஆளும் கம்ப்யூட்டரில் லேப்டாப்பைச் செருகி, உள்ளே இருப்பதை மாற்றி எழுதுவது. காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று, பெரிய காற்றுக்குழாய், பெரிய புகைக்குழாய், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கப் புது இன்டர்கூலர் என்று சாமான்களை வரவழைத்து மாட்டுவது. செலவும் அதிகம், நாளும் பிடிக்கும். கம்ப்யூட்டரைத் தொடாமல் இதை மட்டும் செய்தால் பலனும் அரைகுறைதான்.

வெர்னா ஊரறிந்த கஞ்சம். பழைய வேலிக் கம்பியை நிமிர்த்தி மறுபடி கட்டுகிறவள். அவள் போய் விலை கூடின வழியைக் கேட்டால் யாருக்குத்தான் வியப்பாக இருக்காது?

"மூக்கைத் தொட எதுக்கும்மா தலையைச் சுத்துறீங்க? அந்தச் சாமான் வாங்குற காசுக்கு ஒரு காளையே வாங்கிடலாம்."

"காளை எங்கிட்ட இருக்கு. நீ சாமானுக்குச் சொல்லிவிடு."

"கம்ப்யூட்டர்னா பயமா? கடிக்காதும்மா."

வேறு நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள்.

"அதை மாத்தி எழுதினா பழசெல்லாம் அழிஞ்சிடும்னு போன்ல சொன்னியே. நெசமா?"

"ஆமா. யாரு எப்படி மிதிக்கிறாங்கன்னு பார்த்துப் பார்த்து, அதுக்குத் தக்கபடி கியரை மாத்த அதுவே கத்துக்கும். அதெல்லாம் போயிடும். போனா என்ன, மறுபடி கத்துக்கப்போவுது."

"அதுல கோல்ட்டரோட காலு இருக்குடா."

ராண்டலின் கை லேப்டாப் மேல் அப்படியே நின்றது.

கோல்ட்டர் அவளுடைய ஒரே மகன். ராண்டலோடு ஒரே வகுப்பில் படித்தவன். பிக்கப் அவனுடையது. போன மார்ச்சில், மாடுகள் கன்று ஈனும் நேரத்தில், பனிப்புயல் என்றும் பாராமல் சினைமாட்டைத் தேடிக் குதிரையில் போனான். மறுநாள் குதிரை மட்டும் வீட்டுக்கு வந்தது.

"அவன்தான் பெருமையாச் சொல்வான், வண்டிக்கு என் காலு தெரியும்மான்னு. எஞ்சின் கத்துற வரைக்கும் மிதிச்சிட்டுத்தான் அடுத்த கியருக்கே விடுவான். எத்தனை தடவ திட்டியிருக்கேன்."

அவள் அழவில்லை. மூக்கை மட்டும் கையுறையால் தேய்த்துக்கொண்டாள்.

"அவன் துணியெல்லாம் துவைச்சுட்டேன். புத்தி கெட்டுப்போய் துவைச்சுட்டேன். வாசனை போயிடுச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். ஏறி உக்காந்து ஓட்டினா, அவன் மிதிக்கிற மாதிரியே இருக்கு."

ராண்டல் லேப்டாப்பை மூடினான். கேலி பேசிய வாயில் தானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

"சாமானுக்கு இன்னிக்கே சொல்லிடறேம்மா. கம்ப்யூட்டர் பக்கமே போக மாட்டேன்."

வெர்னா தலையாட்டினாள். பெரிய பாரம் இறங்கிவிட்டதுபோல நாற்காலியில் சாய்ந்தாள்.

"அது மறந்துடக் கூடாதுல்ல? அதான் அவன் போனதிலேருந்து ஒருநாள் விடாம நானே ஓட்டுறேன். வேற யாரையும் தொட விடறதில்ல. காலையில பக்கத்துல உக்காந்து வந்தியே, உனக்கும் தெரிஞ்சுதா?"

ராண்டல் லேப்டாப் வயரைச் சுற்றத் தொடங்கினான்.

அந்தக் கம்ப்யூட்டர் யாருடைய கால் பழக்கத்தையும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. இன்று மிதிக்கிற காலைத்தான் அதற்குத் தெரியும். புதுக்கால் வந்து ஒரு மாதம் ஓட்டினால் போதும், பழைய காலை மறந்துவிடும். வெர்னா ஓட்டத் தொடங்கி இப்போது அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது.

காலையில் வண்டியைச் சோதித்துப் பார்க்க, பாலம் வரை அவளோடு போய் வந்திருந்தான். கோல்ட்டர் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்று வண்டி எங்கேயும் உறுமவில்லை. மடியில் முட்டைக் கூடையோடு போகிறவர்கள் ஓட்டுவதுபோல, கியர்கள் முன்கூட்டியே, சத்தமில்லாமல் மாறிக்கொண்டே வந்தன. கோல்ட்டர் அதில் ஒரு துளிகூட இல்லை.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதும்மா," என்றான் ராண்டல். "அப்படியே அவன் காலுதான்."